மூன்று கோயில்களுக்கும் ஒரே மௌனம்

“வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இன்னையிலேர்ந்து செட்டிங் எதுவும் யார் போன்லயும் இருக்காது. எல்லாம் டேட்டாபேஸ்ல ஒரே எடத்துல இருக்கும். பாஸ்வேர்ட் வெச்சிருக்கிறவங்க யார் வேணும்னாலும் மாத்தலாம். ஒருத்தர் மாத்தினா எல்லாருக்கும் மாறும். பயப்பட ஒண்ணுமில்ல. நன்றி.”

எங்கள் வெள்ளக் குழுவின் கைப்பேசித் திரியில் தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை அவர் அனுப்பிய செய்தி இது. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறேன்; மற்றபடி அவர் எழுதியது எழுதியபடி. குழுவில் இருந்த எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினோம். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு காரியத்தின் பக்கத்தில் ஒருவர் பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், மாசாயில், தொழிலாளர் அடுக்குமாடியில் குடியிருந்தார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவியின் வீடு எங்கள் கோத்தா திங்கிப் பக்கம் என்பதால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒல்லியான ஆள். தொழிற்சாலைச் சட்டையின் மேல் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். வெயில் அடித்தாலும் அதைக் கழற்ற மறந்திருப்பார். யார் என்ன கேட்டாலும் “சரி லா, செஞ்சிடலாம்” என்பதுதான் அவரிடமிருந்து வரும் முதல் சொல். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

அவரோடு கடைக்குப் போனால் வேடிக்கையாக இருக்கும். முதலில் தே ஓ, பாலில்லாத டீ, சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்தவர் கோப்பி சொன்னால், “எனக்கும் கோப்பியே குடுங்க” என்பார். மூன்றாவது ஆள் வந்து பார்லி கேட்டால் அவருக்கும் பார்லி. கடைக்காரர் இதைப் பழகிக்கொண்டு, மேசையில் கடைசி ஆள் வந்து உட்காரும்வரை அவருக்கு எதையும் கலக்கமாட்டார். “உங்களுக்கு என்னா வேணும்னு இன்னும் யாரும் வந்து சொல்லல, இருங்க” என்று கேலி செய்வார். அவரும் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார்.

ஒருமுறை தன் மோட்டாரை ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு பேருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போக, மற்றவருக்குப் பேருந்து நிலையம்வரை துணையாக நடந்துபோனார். திரும்பியும் நடந்தே வந்தார். கோயில் நிர்வாகத் தேர்தலில் இரண்டு அணிகளும் அவரைத் தங்கள் கணக்கில் வைத்திருந்தன. தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாசாயில் ஓவர்டைம் வேலையில் இருந்தார். அது அவரே கேட்டு வாங்கிய ஓவர்டைம் என்பது பின்னால் தெரியவந்தது. ஊரில் யாருக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும். அவரிடம் அது இல்லை.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். ஆறு எந்த வருடம் எந்த வாரம் எந்தப் படிக்கட்டுவரை வந்தது என்று எழுதிவைப்பது என் பழக்கம். வெள்ளக் குழு தொடங்கியபோது அதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரைச் சேர்த்துக்கொண்டது கணினிக்காக.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் கிளை ஒன்றை ஒட்டி எங்கள் ஆட்கள் வாழும் மூன்று குடியிருப்புகள் இருக்கின்றன. மேலே மேட்டுவீடு. நடுவில் ஆலைச்சாலை, செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகும் வழி. கீழே, ஆறு திரும்பும் இடத்தில், ஆற்றுவளைவு. மேட்டுவீட்டுக்குள் தண்ணீர் வந்ததாக என் குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. ஆற்றுவளைவுக்கு வராத மழைக்காலங்கள்தான் குறைவு. மூன்றிலும் ஒவ்வொரு கோயில், ஒவ்வொரு கோயிலிலும் ஒலிபெருக்கி. ஆற்றுவளைவில் வீட்டுக்குள் கைப்பேசி அலை சரியாகக் கிடைக்காது. ஆகையால் அங்கே எச்சரிக்கை என்றால் கோயில் ஒலிபெருக்கிதான்.

அவர் செய்துகொடுத்த ஏற்பாடு எளிமையானது. ஆலைப் பாலத்தில் அளவு குறித்த ஒரு கம்பம் உண்டு. ஆலையின் காவலாளி சின்னசாமி மழை நேரத்தில் அதைப் பார்த்து, எண்ணைத் தன் கைப்பேசியில் தட்டுவார். அந்த எண், நாங்கள் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால் மூன்று கோயில்களிலும் சைரன் ஒலிக்கும். கைப்பேசிகளுக்கும் செய்தி போகும்.

முதலில் இந்த எல்லை அவரவர் கைப்பேசியில் இருந்தது. அதனால் ஒரே மழைக்கு ஒரு கோயிலில் சைரன் அடித்தது, இன்னொன்றில் அடிக்கவில்லை. அதைச் சரிசெய்யத்தான் எல்லாவற்றையும் எங்கேயோ வாடகைக்கு எடுத்த ஒரு தரவுத்தளத்தில், ஒரே வரியில் கொண்டுபோய் வைத்தார். கோயில் வாசலில் இருக்கும் கரும்பலகை மாதிரி என்று விளக்கினார். யார் எழுதினாலும் ஊருக்கே தெரியும். வேண்டாம் என்றால் அழித்துவிட்டு மாற்றி எழுதலாம். தேவையான வேலைதான், நல்ல வேலையும்கூட. அதை நான் மறுக்கவில்லை.

ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் அதை விளக்கிய கூட்டத்துக்குப் பவானி அக்கா வந்திருந்தார். ஆற்றுவளைவில் கடைசி வீடு. காலையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், கட்டி விற்கிறவர். அவர் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார், பெரிய உடம்பு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அவரைக் கட்டிலோடு தூக்கி வேனில் ஏற்ற நாலு ஆண்கள் வேண்டும்.

“தம்பி, எனக்கு இந்த டேட்டாபேஸ் எல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. சைரன் அடிச்சா நாலு பேரு ஓடி வர்ற அளவுக்கு நேரம் இருக்குமா?”

“இருக்கும்க்கா. கண்டிப்பா இருக்கும்.”

“கண்டிப்பான்னு தெரிஞ்சு சொல்றியா, நான் கேட்டேன்னு சொல்றியா?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பவானி அக்கா சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் கரும்பலகை நிறைய முறை அழிக்கப்பட்டது. யாரோ எல்லையை உயர்த்தினார்கள். அற்ப மழைக்கெல்லாம் சைரன் அடிக்கிறது என்று குறைபட்டவர்கள் பலர் இருந்தார்கள். யாரோ மறுபடி இறக்கினார்கள். ஒரு நாள் எச்சரிக்கைச் செய்தியின் முடிவில் ‘அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்’ என்று சேர்ந்திருந்தது. ஆறு பெருகுகிறது, உடனே வெளியேறவும், அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இதை யார் செய்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது என்றார். தெரிந்துகொள்ள வழியில்லையா என்றேன். இல்லை என்றார். வழி வைத்திருக்கலாமே என்றதற்குத்தான் முதன்முறையாக அவரிடமிருந்து ‘சரி லா’ வரவில்லை.

“வேணாம்ண்ணே” என்றார். “எங்க பேக்டரியில ஒரு பொண்ணு இருந்துச்சு. குளுவாங் ஊர்ப் பொண்ணு. மெஷின் சூட்டோட அளவ யாரோ மாத்திட்டாங்க. ஒரு நாள் சரக்கு பூரா வீணாப்போச்சு. ஸ்கிரீன்ல இந்தப் பொண்ணு பேரு இருந்துச்சு. அவ பாஸ்வேர்ட் சுவத்துல ஒட்டியிருந்ததுண்ணே, எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் அதக் கேக்கல. பேரு இருந்துச்சு, அவ்ளோதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. அந்தப் பேர எடுத்துக் குடுத்தது நான்தான்.”

“அதுக்காக…”

“பேரு தெரிஞ்சா வீடு தேடிப் போயிடுவாங்கண்ணே. நம்ம ஆளுங்க வேற. கோயில் விசயம் வேற. இப்ப என்ன இருக்கோ அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

இதைச் சொன்னபோது அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அதையும் எழுதிவைத்திருக்கிறேன். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் மனம் சரியாக இல்லை. பழைய ஊர்க் குறிப்புகளைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். அணையைக் கட்டியவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒரு மழை நாளில் மதகை மூடியவர் யார், திறந்தவர் யார் என்பது எழுதப்பட்டிருக்காது. ஊர் அழிந்தது என்னவோ அந்த இரண்டாவது ஆளால்தான் என்று படிக்கிறவருக்குத் தோன்றும். தேடினால் கிடைக்கமாட்டார்.

மௌனம் வந்த கதை இது. தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஆலைச்சாலையில் ஒரு சாவு. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் உடல் எடுக்கும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். மணி அடிக்காது, ஒலிபெருக்கி பாடாது. அன்று ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தது. சின்னசாமி எண்ணைத் தட்டினார். வீட்டு முற்றத்தில் உடல் கிடக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, நாலு வீடு தள்ளியிருந்த கோயிலிலிருந்து சைரன் அலறியது. நிறுத்தத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. செத்தவரின் மகன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி, ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கி எறிந்தார்.

மேட்டுவீட்டுக் கோயிலின் தலைவர் மூன்று குடியிருப்புகளுக்கும் மூத்தவர். அவர் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள். அவர் எழுந்துபோய் நம்மவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்னாப்பா இது? சாவு வீட்ல சங்கு ஊதலாம். சைரன் ஊதுறியே!”

“மன்னிச்சிக்குங்க தலைவரே. இனிமே நடக்காது.”

“எப்டி நடக்காது?”

“மௌனம்னு ஒரு பட்டன் வெச்சிடறேன். சாவுன்னா அத அமுக்கிடலாம். எடுத்ததும் மறுபடி அமுக்கினா சரியாயிடும்.”

அன்று மாலையே பொத்தான் வந்துவிட்டது. வெட்கத்தோடு அவசரமாகச் செய்தது. மற்ற செட்டிங்குகள் எங்கே இருந்தனவோ அங்கேயே, அதே ஒரே வரியில், இதையும் வைத்தார். அமுக்கினால் சைரனும் அடிக்காது, கைப்பேசிகளுக்குச் செய்தியும் போகாது.

அதற்கு என்ன அர்த்தம் என்பது எங்களுக்குப் பங்குனியில்தான் புரிந்தது. வாராவாரம் ஞாயிறு காலை சைரனை ஒரு முறை சோதித்துப் பார்ப்போம். அன்று நான் ஆற்றுவளைவுக் கோயிலில் நின்றிருந்தேன். சின்னசாமி சோதனை எண்ணைத் தட்டிவிட்டதாகச் சொன்னார். ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. பவானி அக்கா கையில் வாழையிலைக் கட்டோடு வாசலில் வந்து நின்று மேலே பார்த்தார். நான் நம்மவரைக் கைப்பேசியில் அழைத்தேன். பக்கத்தில் மனைவி வீட்டில்தான் இருந்தார். வந்து கைப்பேசியைப் பார்த்தார்.

“மேட்டுவீட்ல ஒரு பாட்டி தவறிட்டாங்கல்ல. அவங்க மௌனம் போட்டிருக்காங்க.”

“அது மேட்டுவீட்டுக் கோயிலுக்குத்தானே?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. அதுவரை அவருக்கே அது தோன்றவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “இல்லண்ணே. பொதுதானே. மூணுக்கும் ஒண்ணுதான்.”

“ஒரு எடத்துல சாவுன்னா மூணு கோயிலும் ஊமையா?” என்று பவானி அக்கா கேட்டார்.

“பிரிச்சிடறேன்க்கா. கோயிலுக்கு ஒண்ணா வெச்சிடறேன். அடுத்த வாரம்.”

“சத்தியமா?”

“சத்தியமாக்கா.”

அடுத்த வாரம் தலைவர் இதைக் கேள்விப்பட்டார். மேட்டுவீட்டில் உடல் கிடக்கும்போது ஆற்றுவளைவில் ஒலிபெருக்கி பாடுவதா என்று அவருக்குக் கோபம். மூன்று குடியிருப்பும் ஒரே சனம். துக்கத்தைப் பிரிக்கக்கூடாது என்றார். சைரன் வேறு, பாட்டு வேறு என்று நான் சொல்லிப்பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. நம்மவர் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சரிங்க தலைவரே. இருக்கிறபடியே இருக்கட்டும்.”

வெளியே வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அக்காவிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“பிரிச்சிடறேன்னு சொல்லியிருக்கேன்ல? பிரிச்சிடறேன்.”

“இப்பதானே இருக்கட்டும்னு சொன்னீங்க?”

“அது அவருகிட்ட சொன்னதுண்ணே” என்றார். பொய் சொல்கிறவர் பேச்சு மாதிரி அது இல்லை. இரண்டையும் அவர் மனதார நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் பிரித்தாரா என்று வெயில் காலம் முழுக்க ஒவ்வொரு சோதனையின்போதும் பார்த்தேன். மௌனத்துக்கு ஒரே பொத்தான்தான் இருந்தது. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார். ஆடியில் பவானி அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். பிரிந்துவிட்டது என்று அவர் நம்பிவிட்டாரா, கேட்டு அலுத்துவிட்டாரா, தெரியாது. ஆவணியில் எல்லையை யாரோ மறுபடி உயர்த்தியிருந்தார்கள். நான் இறக்கினேன். அடுத்த நாள் பார்த்தால் உயர்ந்திருந்தது. அதற்குமேல் நான் தொடவில்லை. அவரிடம் சொன்னேன், சரி லா என்றார்.

அந்த வருடம் மார்கழி தொடங்கியதிலிருந்தே மழை. மூன்றாவது நாளிலோ நான்காவது நாளிலோ மேட்டுவீட்டுத் தலைவரின் அம்மா இறந்துபோனார். என்னிடம் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன, இரண்டும் ஒத்துப்போகவில்லை. வெள்ளம் வந்தது உடலை எடுத்த நாளில்தான் என்பதில் சந்தேகமில்லை.

தலைவர் வீட்டுச் சாவு என்பதால் மூன்று குடியிருப்புகளிலிருந்தும் ஆண்கள் போனார்கள். காலையிலேயே உடலை வண்டியில் ஏற்றி ஜொகூர் பாருப் பக்கம் மின்சுடலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் வேன், காடி, மோட்டார் என்று ஒரு வரிசை. பவானி அக்காவின் கணவரை வழக்கமாகத் தூக்குகிற நாலு பேரும் அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராது. போகாமல் இருந்திருந்தால்தான் பேசியிருப்பார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு ஆலைப் பாலத்தில் தண்ணீர் எல்லையைத் தாண்டியது. எண்ணைத் தட்டினேன் என்கிறார் சின்னசாமி. மூன்று கோயில்களிலும் அப்போது சைரன் ஒலிக்கவில்லை, கைப்பேசிகளுக்கும் செய்தி போகவில்லை. இது உறுதி, மூன்று இடங்களிலும் விசாரித்துவிட்டேன். மின்சுடலையில் இருந்தவர்கள் கைப்பேசிகளைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார்கள்.

பவானி அக்காவுக்கு முதலில் தெரிந்தது குளியலறை ஓட்டைவழியாகத் தண்ணீர் மேலே வந்தபோது. கோயில் மேட்டுக்கு ஓடிப்போய்க் கைப்பேசியில் ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு, கதவைக் கழற்றி, நாசி லெமாக் கட்டுகிற மேசைமேல் போட்டு, கணவரை மெத்தையோடு அதன்மேல் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று பெண்களால் அந்த உடம்பை எப்படித் தூக்க முடிந்தது என்று கேட்டேன். “தூக்கல. இழுத்தோம். கத்தினாரு” என்றார். மீட்புப் படகு வந்தபோது தண்ணீர் அக்காவின் இடுப்புக்கு மேலே இருந்தது. கணவரின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறார்.

மாலையில் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தோம். பவானி அக்காவின் கணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றார்கள். நம்மவர் மாசாயிலிருந்து மழையில் வந்துசேர்ந்து, நனைந்த சட்டையோடு போர்வைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியைத் திறந்து பொது செட்டிங்கைப் பார்த்தேன். மௌனம்: இல்லை என்று இருந்தது.

பவானி அக்கா நம்மவர் எதிரில் வந்து நின்றார்.

“மௌனம் போட்டிருந்துச்சா தம்பி?”

“இப்ப இல்லக்கா.”

“இப்ப கேக்கல. மத்தியானம்?”

தலைவர் மொட்டையடித்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எங்க வீட்ல யாரும் அத அமுக்கல. பொணத்த வெச்சிக்கிட்டு யாரும்மா போன நோண்டிக்கிட்டு இருப்பா?” என்றார்.

“ஆமாக்கா” என்றார் நம்மவர். “தலைவர் வீட்ல போட்டிருக்கமாட்டாங்க.”

“அப்ப நான்தான் நம்பரத் தட்டலையா?” என்று சின்னசாமி எழுந்தார். “புள்ளைங்க மேல சத்தியமாத் தட்டினேன்யா!”

“ஆமாண்ணே, நீங்க தட்டியிருப்பீங்க.”

“அவரு நம்பரும் தட்டியிருக்காரு, மௌனமும் இல்ல. அப்ப ஏன் தம்பி அடிக்கல?” என்று பவானி அக்கா கேட்டார்.

நம்மவர் போர்வைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“எல்லாருக்கும் ஆமா சொல்லிட்டே” என்றார் பவானி அக்கா. “எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கிறியே.”

“நான் எதையும் தொடலக்கா” என்றார். அது யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

அந்த வாரமே பவானி அக்காவின் கணவர் மருத்துவமனையில் இறந்துபோனார். பாடை தூக்கிய நாலு பேரில் நம்மவரும் ஒருவர். ஆற்றுவளைவுக் கோயிலில் ஒலிபெருக்கி, அதன் பெட்டி, கம்பி எல்லாம் சேற்றில் போயிருந்தன. அன்று மௌனத்துக்குப் பொத்தான் தேவைப்படவில்லை. ஆலை நிர்வாகம் சின்னசாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அவர் எண்ணைத் தட்டியதற்கு எங்கும் தடயமில்லை. தரவுத்தளம் அதிலும் கடைசி எண்ணை மட்டுமே வைத்திருந்தது. மாலையில் ஆலைக்காரர் வேறொருவர் தட்டியது அது. நம்மவர் வாடகையைப் புதுப்பிக்காமல் விட்டார். தரவுத்தளம் ஒரு நாள் இல்லாமல் போய்விட்டது.

இந்தக் குறிப்பை நான் எழுதத் தொடங்கியது சின்னசாமிக்காக. பிறகு ஒரு சின்ன விஷயத்தில் சிக்கிக்கொண்டேன். படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது, பாதி முழுகிய கோயிலிலிருந்து சைரன் ஒலித்ததாகப் பவானி அக்கா சொல்கிறார். கொஞ்ச நேரம் அலறிவிட்டு, தண்ணீர் குடித்தது மாதிரி நின்றுபோனதாம். தண்ணீர் எல்லைக்கு மேலே இருக்கும்போது மௌனத்தை எடுத்தால் சைரன் அந்த நொடியே அடிக்கும், செய்தி மட்டும் போகாது; ஏற்பாடே அப்படித்தான். ஆகவே அக்கா கேட்டது உண்மையானால், மௌனம் அதுவரை போட்டிருந்தது, சின்னசாமி எண்ணைத் தட்டியிருந்தார். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து அதைப் பார்த்து, எடுத்திருக்கிறார். எடுத்தேன் என்று சொல்லவும் இல்லை. அக்காவுடன் படகில் இருந்த பெண்களில் ஒருவர் கேட்டதாகச் சொல்கிறார், இன்னொருவர் நினைவில்லை என்கிறார். படகை ஓட்டியவர் வெளியூர்க்காரர். இயந்திரச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். ஆலைச்சாலையில் அப்போது மின்சாரம் போயிருந்தது. மேட்டுவீட்டில் இருந்தவர்கள் இதைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாசாய்க்குப் போய் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கடையில் உட்கார்ந்தோம். அக்கா எப்படி இருக்கிறார், பசியாறிவிட்டு வந்தீர்களா என்றெல்லாம் விசாரித்தார். நான் நேரே கேட்டேன்.

“படகுல போகும்போது சைரன் அடிச்சதுன்னு அக்கா சொல்றாங்க.”

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணே. அடிச்சிருக்கும்.”

“படகு ஓட்டினவரு அடிக்கவே இல்லைங்கிறாரு.”

“அவருக்குப் பொய் சொல்ல என்னா இருக்கு? அடிச்சிருக்காதுண்ணே.”

“மாசாயிலேர்ந்து நீங்க எத்தன மணிக்குக் கெளம்பினீங்க? கெளம்புறதுக்கு முன்னாடி போனத் தொறந்து பாத்தீங்களா?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்யக் காத்திருக்கிறவரின் முகம் அது. எந்தப் பதிலைக் கொடுத்தால் எனக்கு ஆகும் என்று தேடுகிற முகம்.

“நீங்க என்னா நினைக்கிறீங்கண்ணே?” என்றார். “பாத்திருப்பேனா?”

நான் எழுந்து கடைக்காரரிடம் காசைக் கொடுத்தேன். நினைப்பதைச் சொல்லியிருந்தால் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார். அதை நான் எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கும்.

அன்று படகு கரை சேர்வதற்குள் ஆற்றுவளைவுக் கோயிலில் சைரன் ஒலித்ததா இல்லையா என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.